இன்சுலின் தோல் வழியாகப் போகுமா? மக்கும் பாலிமர் பட்டைகள் குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"என் தாயாருக்கு வயது 66. நீண்ட நாட்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சில ஆண்டுகளாகக் காலையில் 22, இரவில் 14 என நாளொன்றுக்கு 36 யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஊசி நேரம் நெருங்கினாலே முகம் சுருங்கிவிடுகிறது. உறவினர் ஒருவர் அனுப்பிய விளம்பரத்தில், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற மக்கும் பாலிமருக்குள் 'நானோ இன்சுலின்' அடைத்துச் செய்த பட்டையை வாரத்துக்கு ஒன்று கையில் ஒட்டினால் போதும், ஊசியைப் பாதியாகக் குறைத்துப் பிறகு நிறுத்திவிடலாம் என்று சொல்கிறார்கள். நான்கு பட்டைகள் 2,400 ரூபாய். வாங்கிவிட்டோம், இன்னும் ஒட்டவில்லை. என் தந்தைக்கு மறதி நோய்க்காக ரிவாஸ்டிக்மின் பேட்ச் தினமும் முதுகில் ஒட்டுகிறோம். அந்த மருந்து தோல் வழியாகப் போகும்போது இன்சுலின் மட்டும் ஏன் போகாது? பாலிமர் என்றால் பிளாஸ்டிக்தானே, அது அம்மாவின் உடம்பில் தங்கிவிடாதா? அப்பாவுக்கு ஒட்டி எடுத்த பேட்ச்சை மக்கும் குப்பையில் போடுகிறோம், அது சரியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டையை ஒட்டாதீர்கள். தாயாரின் இன்சுலினில் ஒரு யூனிட்டைக்கூட மருத்துவரைக் கேட்காமல் குறைக்காதீர்கள். தோலில் ஒட்டி இன்சுலினை உடலுக்குள் செலுத்தும் பட்டை எதுவும் இன்றுவரை சர்க்கரை நோய்ச் சிகிச்சைக்காக அங்கீகாரம் பெற்று விற்பனைக்கு வரவில்லை. நீங்கள் ஏற்கெனவே ஒட்டியிருந்து, விளம்பரத்தின் சொல்லை நம்பி இன்சுலினைப் பாதியாகக் குறைத்திருந்தால், அடுத்த சில நாட்களில் அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு எனத் தொடங்கி, வாந்தியும் மயக்கமும் வரை போயிருக்கக்கூடும். 66 வயதில், உடன் ஏதேனும் தொற்றும் சேர்ந்துகொண்டால், அது தீவிர சிகிச்சைப் பிரிவில் போய் நிற்கும்.

விளம்பரங்கள் எளிதில் நம்பப்படுவதற்கு ஒரு காரணம், சர்க்கரை நோயாளிகள் உண்மையிலேயே கையில் ஏதோ ஒன்றை ஒட்டிக்கொண்டு நடப்பதை நாம் இப்போது பார்க்கிறோம். மேற்கையில் நாணய அளவில் ஒட்டப்படும் ஒரு கருவி, தோலுக்குக் கீழே மெல்லிய இழை ஒன்றை நுழைத்துச் சர்க்கரை அளவை இரண்டு வாரம் வரை தொடர்ந்து காட்டுகிறது. அதில் மருந்து எதுவும் இல்லை, அது அளக்க மட்டுமே செய்கிறது. பட்டை போலவே உடலில் ஒட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்புகளும் வெளிநாடுகளில் புழக்கத்தில் உள்ளன. ஆனால் அவற்றின் அடியில் தோலைத் துளைத்துச் செல்லும் ஒரு சிறு குழாய் இருக்கிறது, இன்சுலின் அதன் வழியாகவே போகிறது. துளை எதுவும் இல்லாமல், வெறும் தோலின் மேல் ஒட்டுவதால் மட்டும் இன்சுலின் உள்ளே போவதாகச் சொல்பவரிடம்தான் நாம் சான்று கேட்க வேண்டும்.

அப்படியானால் தந்தையின் பேட்ச் எப்படி வேலை செய்கிறது என்ற உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. அதற்கான பதில் பாலிமரில் இல்லை. தோலிலும் மருந்தின் மூலக்கூற்றிலும் இருக்கிறது.

நம் தோலின் வெளிப்புறத்தில் இறந்த செல்களால் ஆன ஒரு படலம் உண்டு. அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனால் செங்கல்லை அடுக்கிச் சாந்து பூசிய சுவர் போல, கெரட்டின் என்ற புரதம் நிறைந்த தட்டையான செல்கள் அடுக்கடுக்காக இருக்க, அவற்றின் இடைவெளிகளைக் கொழுப்புப் பொருட்கள் நிரப்பியிருப்பதால், உடலின் நீர் வெளியே போகாமலும் வெளியிலுள்ளவை உள்ளே வராமலும் அது தடுத்துவிடுகிறது. இந்தப் படலத்தைக் கடக்க விரும்பும் மருந்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும்; கொழுப்பிலும் ஓரளவு கரைய வேண்டும், நீரிலும் ஓரளவு கரைய வேண்டும்; ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம் போனாலே போதுமான வீரியம் உடையதாக இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் போஸ், மெய்னார்டி என்ற இரு டச்சு ஆய்வாளர்கள், தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்களையும், தோல் வழியாகத் தரப்படும் மருந்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, மூலக்கூற்று எடை 500 டால்டனை (டால்டன் என்பது மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) தாண்டினால் நலமான தோலைக் கடப்பது அரிது என்று எழுதினார்கள். இன்றும் மருந்து வடிவமைப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

ரிவாஸ்டிக்மினின் மூலக்கூற்று எடை சுமார் 250. புகைப்பழக்கத்தை விடுவதற்கான பட்டையில் உள்ள நிகோட்டின் 162. நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் 227. புற்றுநோய் வலிக்கான ஃபென்டனில் 336. பட்டையாக வெற்றி பெற்ற மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வரிசையில் அடங்கிவிடும். இன்சுலினின் எடையோ 5,808. போதாக்குறைக்கு, மருந்துக் குப்பியில் அது தனித்தனி மூலக்கூறாக இருப்பதைவிட, துத்தநாகத்தோடு சேர்ந்து ஆறு ஆறாகக் கூடியிருப்பதையே விரும்புகிறது. அப்போது அந்தக் கூட்டத்தின் எடை 35,000 அளவுக்குப் போய்விடும். மேலும் அது நீரை நாடும் புரதம், கொழுப்புச் சாந்தில் கரைந்து நுழையும் தன்மை அதற்கு இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அளவைப் பொறுத்தவரை இன்சுலினுக்குத் தடையே இல்லை. ஒரு யூனிட் இன்சுலின் என்பது 0.0347 மில்லிகிராம், உங்கள் தாயார் ஒரு நாளில் போட்டுக்கொள்ளும் 36 யூனிட்டும் சேர்ந்து ஒன்றேகால் மில்லிகிராம்தான். உங்கள் தந்தையின் பேட்ச்சோ, மருத்துவர் எழுதிய அளவைப் பொறுத்து, நாளொன்றுக்கு 4.6 அல்லது 9.5 மில்லிகிராம் மருந்தைத் தோலுக்குள் அனுப்புகிறது. இவ்வளவு சொற்பமான எடையுள்ள மருந்தை ஒரு பட்டைக்குள் அடைப்பது எந்த ஆய்வகத்துக்கும் எளிய வேலை. அடைத்ததைத் தோலைத் தாண்டி அனுப்புவதில்தான் அரை நூற்றாண்டாக எல்லோரும் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரம் அடைத்ததைப் பற்றி விரிவாகப் பேசுகிறது, தாண்டுவதைப் பற்றி மௌனமாக இருக்கிறது.

தாண்டினாலும் சிக்கல் முடியாது. பட்டை வழியாகப் போகும் மருந்து மெதுவாகத் தோலில் ஊறி, பல மணி நேரம் கழித்தே இரத்தத்தில் உச்ச அளவை எட்டும். பட்டையை உரித்த பின்னும் தோலில் தேங்கியது சில மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். மறதி நோய் மருந்துக்கு இந்த நிதானமே நன்மை: மாத்திரையாகத் தரும்போது வரும் குமட்டல் குறைகிறது. இன்சுலினுக்கு இது ஒத்துவராது. இட்லி சாப்பிட்ட அரை மணியில் ஏறும் சர்க்கரைக்கு ஏற்ப அது ஏற வேண்டும். சாப்பிடாமல் தூங்கிவிட்டால் குறைய வேண்டும். ஒரே சீராக வாரம் முழுவதும் கசிந்துகொண்டிருக்கும் இன்சுலின், உணவு நேர ஏற்றத்தைச் சமாளிக்காது. நெடுநேரம் செயல்படும் அடிப்படை இன்சுலின் ஊசிகள் இருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் தாயாருக்குக் காலையிலும் இரவிலும் வெவ்வேறு அளவில் எழுதப்பட்டிருப்பதே, மருத்துவர் உணவையும் கணக்கில் எடுத்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது.

இனி பாலிமருக்கு வருகிறேன். பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் கண்ணிகளாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி; பிளாஸ்டிக் அதில் ஒரு வகைதான். தந்தையின் பேட்ச்சிலும் பாலிமர் இருக்கிறது, ஆனால் அது மக்கும் வகை அல்ல. மருந்தைத் தாங்கும் அடுக்கு அக்ரிலிக் வகையைச் சேர்ந்தது. தோலோடு ஒட்டும் பசை சிலிகோன். வெளியே தெரியும் மேலுறை பாலியெஸ்டர். 1979இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் மருந்துப் பட்டை, பயணத்தில் வரும் குமட்டலுக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை. அன்றிலிருந்து இன்றுவரை கடைகளில் கிடைக்கும் பட்டைகள் பெரும்பாலும் இந்த மக்காத குடும்பத்தைச் சேர்ந்த பாலிமர்களால்தான் செய்யப்படுகின்றன. அதில் தவறில்லை. பட்டை தோலுக்கு வெளியே இருக்கிறது, வேலை முடிந்ததும் உரித்து எடுத்துவிடுகிறோம். உடலுக்குள் மக்க வேண்டிய தேவையே அதற்கு எழவில்லை. மருந்தை எவ்வளவு வேகத்தில் விட வேண்டும் என்பதை அந்தப் பாலிமர் கட்டுப்படுத்துகிறது. தோலின் கதவைத் திறப்பது அதன் வேலை அல்ல. மக்கும் தன்மை ஒரு பொருளுக்குத் தோலைக் கடக்கும் திறனைத் தருவதில்லை. தோலுக்கு உள்ளே போய்விட்ட பொருளுக்குத்தான் அந்தத் தன்மை பயன்படுகிறது. விளம்பரம் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறது.

கைட்டோசானைப் பற்றி நான் குறைவாகச் சொல்ல மாட்டேன், அது நல்ல பொருள். இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டினைக் காரத்தில் வேகவைத்துப் பெறப்படும் அது, நேர் மின்னூட்டம் உடையது என்பதால் இரத்தத்தோடு சேர்ந்து உறைந்து காயத்தை அடைக்கிறது; இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது பயன்பட்டு வருகிறது. குடல், மூக்கு போன்ற ஈரமான சவ்வுகளில் செல்களுக்கு இடையிலான இணைப்பைச் சற்றுத் தளர்த்தும் ஆற்றலும் அதற்கு உண்டு. விளம்பரம் எழுதியவர் இந்த ஆய்வுகளை எங்கோ படித்திருக்கலாம். ஆனால் சவ்வில் நடப்பது, உலர்ந்த மேற்படலம் மூடிய கைத்தோலில் அப்படியே நடக்காது.

'நானோ' என்பதும் இதே கதைதான். மக்கும் பாலிமரில் செய்த நுண்துகள்களைத் தோலில் தேய்த்தால் அவை எங்கே போகின்றன என்பதை பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அவை மேற்படலத்தைத் துளைத்துச் செல்வதில்லை; மயிர்க்கால்களின் குழிகளில் இறங்கித் தங்கிவிடுகின்றன. சில நூறு நானோமீட்டர் அளவுள்ள துகள்கள், மிகச் சிறிய துகள்களைவிட ஆழமாக இறங்குகின்றன என்பது அவர்கள் கண்ட சுவையான முடிவு. முகப்பரு போல மயிர்க்காலிலேயே குடியிருக்கும் நோய்க்கு இது பயன்தரும் வழி. ஆனால் கையில் மயிர்க்கால் திறப்புகள் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் வெகுவாகக் குறைவு. அந்த வழியாக ஒருவரின் ஒரு நாள் இன்சுலினை இரத்தத்துக்கு அனுப்ப முடியும் என்று யாரும் மனிதரிடம் காட்டியதில்லை.

மக்கும் பாலிமர்கள் மருத்துவத்துக்குப் புதியவை அல்ல. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பிரிக்கத் தேவையில்லாத 'கரையும் தையல்' போட்டிருப்பதாக மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாலிகிளைக்காலிக் அமிலத்தால் ஆன அத்தகைய நூல் 1970களின் தொடக்கத்திலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. அதன் உறவான பிஎல்ஜிஏ என்ற பாலிமர், லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கலந்து கோக்கப்பட்ட சங்கிலி. உடலின் நீர் அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்ட, அது மீண்டும் அந்த இரண்டு அமிலங்களாகப் பிரிகிறது. லாக்டிக் அமிலம் நாம் வேகமாக நடந்தால் நம் தசைகளிலேயே உண்டாகும் பொருள்தான், உடல் அதைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. இரண்டு அமிலங்களும் சமமாகக் கலந்த வகை ஓரிரு மாதங்களில் கரைந்துவிடும். லாக்டிக் அமிலத்தின் பங்கு கூடக் கூடக் கரைவதற்கு நாளாகும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒருமுறை போடப்படும் லூப்ரோலைடு ஊசி, மருந்தை இத்தகைய பாலிமர் உருண்டைகளுக்குள் அடைத்து உருவாக்கப்பட்டதுதான்; 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் நூலும் சரி, அந்த ஊசியும் சரி, தோலைத் துளைத்துத்தான் உள்ளே வைக்கப்படுகின்றன.

எனவே, மக்கும் பாலிமரும் தோல்பட்டையும் உண்மையாகச் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: நுண்ணூசிப் பட்டை. பட்டையின் ஒட்டும் பக்கத்தில், அரை மில்லிமீட்டர் முதல் முக்கால் மில்லிமீட்டர் வரை உயரமுள்ள நூற்றுக்கணக்கான கூர்முனைகள் இருக்கும். வலியுணரும் நரம்புகளை அதிகம் சீண்டாத ஆழம் அது. ஆனால் 20 மைக்ரோமீட்டர் தடையைத் தாண்டப் போதுமான ஆழம். 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் மார்க் பிராஸ்னிட்ஸும் உடனிருந்தோரும் சிலிக்கானில் இப்படிப்பட்ட ஊசிகளைச் செய்து, தோலின் ஊடுருவும் தன்மை பல மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். சிலிக்கான் முனை தோலுக்குள் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையே, ஊசியை உடலில் கரையும் பொருளால் செய்யலாம் என்ற எண்ணத்துக்கு வழிவிட்டது. மருந்தைப் பாலிமர்க் கரைசலில் கலந்து அச்சில் ஊற்றி உலர்த்தினால், மருந்தே ஊசியாகிவிடுகிறது. தோலின் ஈரத்தில் சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது. கூர்மையான கழிவு எதுவும் மிஞ்சுவதில்லை.

இதில் முன்னால் போனவை தடுப்பூசிகள். 2017இல் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகம் நூறு பெரியவர்களிடம் இன்ஃபுளுவென்சா தடுப்பு மருந்தை இவ்வகைப் பட்டையில் சோதித்த முடிவுகள் வெளிவந்தன. 2024இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கைக்குழந்தைகள் உட்படப் பலருக்குத் தட்டம்மை, ருபெல்லா தடுப்பு மருந்தை மணிக்கட்டில் ஐந்து நிமிடம் ஒட்டித் தந்த ஆய்வு வெளியானது; ஊசியில் தந்ததற்கு இணையான எதிர்ப்பாற்றல் உண்டானது. அந்தப் பட்டைக்குரிய தடுப்பு மருந்தைத் தயாரித்துத் தந்தது நம் புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட்தான். குளிர்பெட்டியும் பயிற்சி பெற்ற செவிலியரும் எட்டாத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை. 2019இல் பிராஸ்னிட்ஸ் குழுவே, கருத்தடை ஹார்மோனை பிஎல்ஜிஏ வகை நுண்ணூசியில் அடைத்து, முனைகள் தோலுக்குள் கழன்று தங்கி ஒரு மாதத்துக்கு மேல் மருந்தை விடுவதை எலிகளில் காட்டியது.

இன்சுலின் மட்டும் ஏன் பின்தங்கியிருக்கிறது? தடுப்பு மருந்து வாழ்நாளில் ஓரிரு முறை தரப்படுவது, அளவில் சற்றுக் கூடக் குறைய ஆனாலும் உயிருக்கு ஆபத்தில்லை. இன்சுலின் தினமும் தரப்படுவது. பத்து யூனிட் கூடினால் தாழ்சர்க்கரையில் நினைவிழக்க நேரும். முதியவரின் தளர்ந்த தோலில் ஊசிகள் அனைத்தும் முழுமையாக இறங்கினவா, பாதி மேலேயே நின்றுவிட்டதா என்பதை வீட்டில் இருப்பவர் அறிய வழி வேண்டும். புரதமல்லாத அந்தக் கருத்தடை ஹார்மோனுக்குப் பொருந்திய பிஎல்ஜிஏ, கரையும்போது தன்னைச் சுற்றி அமிலத்தன்மையை உண்டாக்குவதால், இன்சுலின் போன்ற புரதத்தைக் கெடுத்துவிடக்கூடும். ஷென் கூ என்ற ஆய்வாளரின் தலைமையிலான குழு, இரத்தச் சர்க்கரை ஏறும்போது மட்டும் இன்சுலினை விடும் நுண்ணூசிப் பட்டையை 2015இல் சுண்டெலிகளிலும், 2020இல் சிறுபன்றிகளிலும் வெற்றிகரமாகக் காட்டியது. என் துறையில் நான் பார்த்த மிக அழகான வேலைகளில் ஒன்று அது. ஆனால் 2020இல் அவர்கள் ஊசிக்குப் பயன்படுத்தியது மக்கும் பாலிமர் அல்ல. தேவை முடிந்ததும் முழுதாக வெளியே இழுத்துவிடக்கூடிய, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிய, கரையாத பாலிமர். தினமும் ஒட்ட வேண்டிய மருந்துக்கு, உள்ளே எதையும் விட்டுவிடாமல் வெளியே வருவதே பாதுகாப்பு என்று அவர்கள் கருதியிருப்பார்கள் என நினைக்கிறேன்.

ஆய்வகத்தில் வென்றது நோயாளியிடம் தோற்பதற்கும் அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எலும்புத் தேய்வுக்கான அபலோபராடைடு என்ற மருந்து தினசரி ஊசியாக இருக்கிறது. அதை நுண்ணூசிப் பட்டையாக மாற்றி நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2021இல் வந்தபோது, ஓராண்டில் முதுகெலும்பின் அடர்த்தி பட்டையால் சுமார் 7 சதவீதமும், ஊசியால் சுமார் 11 சதவீதமும் கூடியிருந்தது. பட்டை வேலை செய்தது, ஆனால் ஊசிக்கு ஈடாக வேலை செய்யவில்லை. அதனால் அது சந்தைக்கு வரவில்லை. உங்களிடம் பட்டை விற்றவர் இப்படிப்பட்ட ஒரு சோதனையையாவது கடந்து வந்தாரா என்பதுதான் கேள்வி.

பாலிமர் உடம்பில் தங்காதா என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பாலிமர் என்பதைப் பொறுத்தது அது. பிஎல்ஜிஏ எப்படிக் கரைகிறது என்பதை மேலே சொன்னேன். கரையும்போது அந்த இடம் சிலருக்குச் சிறிது சிவக்கும், தடிக்கும், பிறகு அடங்கும். நுண்ணூசி செய்யப் பயன்படும் ஹயலூரானிக் அமிலம் நம் தோலிலேயே உள்ள பொருள், அதைச் சிதைக்கும் நொதியும் உடலில் உண்டு. ஆனால் கரைகிறது என்பதாலேயே சிதைகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நுண்ணூசி ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் பாலிவினைல் பைரோலிடோன், பாலிவினைல் ஆல்கஹால் ஆகியவை நீரில் நொடியில் கரையும், ஆனால் உடல் அவற்றின் சங்கிலியை வெட்டுவதில்லை. சங்கிலி குட்டையாக இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். நீளமாக இருந்தால் வெளியேறாமல் திசுக்களில் தேங்கும். பாலிவினைல் பைரோலிடோன் கலந்த ஊசி மருந்துகளை நெடுங்காலம் போட்டுக்கொண்டவர்களின் தோலிலும் எலும்பு மஜ்ஜையிலும் அது குவிந்து கிடந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. வாழ்நாளில் இரண்டு முறை ஒட்டும் தடுப்பூசிப் பட்டைக்கு இது பொருட்டல்ல. ஆண்டுக்கு 365 பட்டைகள் ஒட்ட வேண்டிய ஒரு மருந்துக்கு, அதுவும் சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்திருக்கக்கூடிய ஒருவருக்கு, இது முதன்மையான கேள்வி. நீங்கள் வாங்கிய பட்டை மேலோட்டமாக ஒட்டும் வகை என்றால், அதில் உள்ள பாலிமர் தாயாரின் உடலுக்குள் போகவே போகாது, இன்சுலினும் போகாது. அதன் அடியில் நுண்முனைகள் இருந்தால் கதை வேறு: கிருமி நீக்கம் செய்யப்பட்டதா என்று தெரியாத நூற்றுக்கணக்கான முனைகளைச் சர்க்கரை நோயாளியின் தோலில் குத்துவது, ஆறாத புண்ணுக்கும் தொற்றுக்கும் இடம்கொடுப்பதாகும்.

பட்டையின் உறையைத் தூக்கி எறியாதீர்கள். அதில் மருந்து உற்பத்தி உரிம எண், தயாரிப்பாளரின் முகவரி, இன்சுலின் எத்தனை யூனிட் என்ற விவரம், தொகுதி எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்சுலினைக் குளிரூட்டாமல் தபாலில் அனுப்பியிருந்தால் அதுவே ஒரு சான்று. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. உறை, பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் படம் ஆகியவற்றோடு உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். 2,400 ரூபாய் திரும்பி வருமா என்பது வேறு. அடுத்த வீட்டுக்கு அது போகாமல் இருக்கும்.

தாயாரின் முகம் சுருங்குவதை நான் சிறிதாக எண்ணவில்லை. அதற்குப் பட்டையைவிட எளிய வழிகள் கையிலேயே உள்ளன. சிரிஞ்சில் போடுகிறார் என்றால், 4 மில்லிமீட்டர் ஊசி பொருத்திய இன்சுலின் பேனாவுக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோலின் தடிமன் சராசரியாக 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் என்பதால் உடல் பருத்தவர்களுக்கும் அந்த நீளம் போதும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை உடனே போட்டால் எரிச்சல் கூடும். பயன்பாட்டில் உள்ள குப்பியோ பேனாவோ நிழலான, வெப்பமில்லாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வெளியிலேயே இருக்கலாம். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி உருவாகும். அந்த இடத்தில் வலி குறைவாக இருப்பதால் பலரும் அங்கேயே போட்டுக்கொள்கிறார்கள், ஆனால் அங்கு போட்ட மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாமல் சர்க்கரை ஏறி இறங்கும். வயிற்றைத் தடவிப் பார்த்து அத்தகைய தடிப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இடத்தை மாற்றும்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம் என்பதால் அதை நீங்களாகச் செய்ய வேண்டாம். சிரிஞ்சிலேயே தொடர்வதானால், மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சும் 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சும்தான் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்து வாங்குங்கள். அப்படியும் ஊசி தாங்க முடியவில்லை என்றால், இரண்டு வேளை ஊசியை ஒரு வேளையாக்கி மாத்திரையோடு சேர்க்க முடியுமா என்று அவரது அண்மைய இரத்தப் பரிசோதனைகளோடு போய்க் கேட்பது நியாயமான வேண்டுகோள். எந்த மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி, நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுவே அதிகக் கவலை தந்தது. தந்தையின் பேட்ச்சை மக்கும் குப்பையில் போடக் கூடாது. பட்டை மக்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் உரித்து எடுக்கும்போது அதில் மருந்து இன்னும் இருக்கிறது என்பது. பரவலாகக் கிடைக்கும் 9.5 மில்லிகிராம் பேட்ச்சில் தொடக்கத்தில் 18 மில்லிகிராம் மருந்து வைக்கப்படுகிறது. ஒரு நாள் முடிவில் ஏறக்குறைய பாதி மீதம். தோலுக்குள் மருந்தைச் சீராகத் தள்ள, பட்டையில் எப்போதும் மருந்து மிகுதியாக இருக்க வேண்டும் என்பதால் இப்படி வடிவமைக்கிறார்கள். குப்பைக் கூடையிலிருந்து ஒரு குழந்தை எடுத்துக் கையில் ஒட்டிக்கொண்டாலோ, வாயில் வைத்தாலோ, வாந்தியும் இதயத்துடிப்புக் குறைவும் வரக்கூடும். ஃபென்டனில் பட்டைகளால் வெளிநாடுகளில் குழந்தைகள் இறந்தே போயிருக்கிறார்கள். எனவே உரித்தவுடன் ஒட்டும் பக்கம் உள்ளே போகுமாறு இரண்டாக மடித்து அழுத்தி, புதிய பேட்ச் வந்த உறைக்குள்ளேயே வைத்து, குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத மூடிய பெட்டியில் சேர்த்து, மக்காத குப்பையோடு தனியாகக் கட்டித் தாருங்கள்; பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

அதோடு, புதியதை ஒட்டுவதற்கு முன் பழையதை எடுத்தோமா என்று முதுகு முழுவதையும் ஒருமுறை பாருங்கள். இந்த மருந்தில் நடந்திருக்கும் மோசமான விபத்துகள் பெரும்பாலும் பழையதை எடுக்காமல் அடுத்ததை ஒட்டியதால் வந்தவை. ஒரே இடத்தில் மீண்டும் ஒட்ட 14 நாட்களாவது இடைவெளி விடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் ஒட்டும் இடம் முற்றிலும் எண்ணெய்ப் பசை போய் உலர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் பட்டை மாலைக்குள் கழன்றுவிடும், பவுடரும் வேண்டாம். பட்டை இருக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுக்கக் கூடாது, சூடு மருந்தை வேகமாக உள்ளே இறக்கிவிடும்.